குடும்பத்தில் யாருக்கும் இல்லை

நடந்தவை, வரிசையாக:

1. அப்பாவின் தங்கையான அத்தைக்கு இருபது வயதில் உதட்டோரம் வெண்புள்ளி விழுந்தது. பிறகு கைகளுக்கும் பரவியது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.
2. அப்பாவுக்குத் தைராய்டு கெட்டது. தினமும் மாத்திரை. வெளியாருக்குத் தெரியாது.
3. அக்காவுக்கு இருபத்தாறு வயதில் விரல் மூட்டுகள் வீங்கின. அதே மாதம் அவளுக்கு ஒரு வரன் அமைந்து வந்தது.
4. மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். அம்மா பதில் சொன்னார்.

நான்காவதைத்தான் எழுத வேண்டும். ஆனால் அத்தையைச் சொல்லாமல் அது விளங்காது.

மாத்தளையில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள், தட்டில் கை வைக்கும் முன்பே வீட்டில் யாருக்காவது வியாதி உண்டா என்று விசாரிப்பார்கள். "கடவுள் புண்ணியத்துல யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க" என்பது அம்மாவின் பதில். அந்த நாட்களில் அத்தை ரத்தோட்டையில் இருக்கும் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட வேண்டும். போ என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கேசரிக்கு அம்மா ரவை வறுக்கத் தொடங்கினாலே அத்தை பையை எடுத்துவிடுவார்.

"என்ன அண்ணி, ரவை வாசம் வருது. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு போல" என்பார். "எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைங்க. கேசரிக்கு ஒண்ணும் ஒட்டாது."

நாங்கள் சிரிப்போம். அப்படிச் சிரித்ததை இப்போது நினைத்தால் எனக்கு என்மீதே வெறுப்பு வருகிறது.

அக்காவைக் காட்டப் போன இடத்தில் மருத்துவரின் அறைக்குக் கதவு இல்லை, ஒரு திரைதான். திரைக்கு வெளியே, வரிசையில் எங்களுக்கு அடுத்து, மாப்பிள்ளையின் சித்தி உட்கார்ந்திருந்தார். குடும்பத்தில் யாருக்காவது இப்படி நீண்டகால நோய் உண்டா என்று மருத்துவர் சிங்களத்தில் கேட்டார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்லும் அதே பதிலை அம்மா சிங்களத்தில், சத்தமாகச் சொன்னார்.

நான் அப்போது ஆய்வுகூடத் தொழில்நுட்பம் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். வெண்புள்ளி, தைராய்டு, முடக்குவாதம், லூபஸ் என்று என் நோட்டிலேயே வரிசையாக எழுதியிருந்தேன். பெயர்கள் வேறு, பார்க்கும் மருத்துவர்கள் வேறு. ஆனால் உடல் தன்னையே எதிரியென்று தாக்குவதற்கு இடம் கொடுக்கும் மரபணுக்களில் பல இவற்றுக்குப் பொதுவானவை. ஒரே குடும்பத்தில் ஒருவருக்குத் தோலில் தெரிவது இன்னொருவருக்கு மூட்டில் தெரியலாம். இதெல்லாம் தெரிந்திருந்தும்தான் அக்காவின் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றேன்.

வேலைக் களைப்பாக இருக்கும் என்று சொல்லி மருத்துவர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் கழித்து, முகமும் கால்களும் வீங்கிய பிறகு, கண்டியில் லூபஸ் என்று கண்டுபிடித்தார்கள். அதற்குள் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் முதல் நாளே லூபஸுக்கான இரத்தப் பரிசோதனையை எழுதியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை எதற்காகக் கேட்கிறார்கள் என்று மட்டும் தெரியும்.

செய்தி கேட்ட அன்று அத்தை அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு என்னைய ஒளிச்சீங்க, சரி. டாக்டருக்குமா அண்ணி ஒளிச்சீங்க?"

"வெளிய அந்தம்மா உக்காந்திருந்தாங்களே" என்றார் அம்மா.

வரன் போய்விட்டது. நாளடைவில் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. அக்கா வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்குக் கண்டிக்குப் போய் வருகிறாள். கூடப் போவது அத்தை. அம்மாவோடு அக்கா பேசுவதில்லை, என்னோடு பேசுகிறாள். திரைக்குள் நின்றபோது எனக்கும் சரியான பதில் தெரிந்திருந்தது என்பதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.