ஊசியில் நூல் கோத்த வெளிச்சம்

நேற்று சாயங்காலம் இருட்டிய பிறகு மொட்டைமாடியில் நின்று ஊசியில் நூல் கோத்தேன். ஒரே தடவையில் ஏறிவிட்டது. தெருமுனையில் புதிதாகப் போட்டிருக்கும் வெள்ளை விளக்கு அப்படி. எழுபத்து மூன்று வயதில் கண்ணாடி போடாமல் கோத்தேனே என்று பெருமையாக நிமிர்ந்தால், தலைக்கு மேலே ஒன்றுமே இல்லை. துணி அலசிய தண்ணீர் போல ஒரு வானம்.

என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. இதை வீட்டில் சொல்ல முடியாது, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். அஞ்சாவதோடு நின்றவள் நான். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஊசியை நான் குத்தி வைத்திருப்பது ஒரு கறுப்பு அட்டையில். போட்டோ காகிதம் வரும் பெட்டியின் அட்டை. இன்றைக்கும் முகர்ந்தால் ஸ்டுடியோ மருந்து வாசனை. எனக்கு மட்டும்தான் அடிக்கிறதோ என்னவோ. என் வீட்டுக்காரர் முதலியார்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். பகலெல்லாம் கல்யாண மாப்பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லிவிட்டு, பொழுது சாய்ந்தால் குருசுக்குப்பத்து எங்கள் மாடியில் நட்சத்திரத்தைப் படம் பிடிப்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பழைய காமிரா. சுவரில் ஒரு கடிகாரம்கூட இல்லாத வீட்டில் காமிரா இருந்தது என்று என் அம்மா சிரிப்பாள்.

பொத்தானை அமுக்கினால் காமிரா ஆடும். ஆடினால் நட்சத்திரம் கலைந்துவிடும். அதனால் நான் இந்த அட்டையால் காமிராவின் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்பேன். அவர் திறந்துவிட்டு ‘ம்’ என்பார், நான் அட்டையை எடுப்பேன். மங்கள வார்த்தை ஜெபம் ஒன்று சொல்லி முடித்ததும் திரும்ப மறைக்க வேண்டும். எங்கள் கணக்கு அதுதான். முடிந்ததும் ‘மூடிட்டியாடி?’ என்று கேட்டுக்கொள்வார்.

நானோ ஜெபத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறவள். அதற்குள் வானம் நகர்ந்துவிடும். அவர் நட்சத்திரமெல்லாம் புள்ளியாக விழாமல் நெல் மாதிரி நீண்டு விழும்.

“வேகமா சொல்லித் தொலடி. வானம் ஒனக்காக நிக்குமா?”

“மாதாவக் கூப்புடுறேன், பஸ்ஸ இல்ல.”

ஆனாலும் மனசு உறுத்தி, ஜெபத்தை வைத்து நேரம் எண்ணுகிறேன் என்று கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமி சிரித்துவிட்டார். அபராதமாக இன்னொரு மங்கள வார்த்தை சொல்லச் சொன்னார், மெதுவாக.

ஒரே ஒரு படம் மட்டும் புள்ளி புள்ளியாக வந்தது. கார்த்திகை என்பீர்களே, எங்கள் குப்பத்தில் அதற்கு ஆறாமீன். அன்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்கு வந்திருந்தேன். ஜெபம் நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஆறு மீனும் ஆறு கடுகாக விழுந்தன. அந்தப் படம் இன்னும் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது.

கட்டிலில் அவர் கிடக்கிறார். போன தவக்காலத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பி வந்தது, கால் வரவில்லை. ஒரு வாய் கஞ்சி இறங்குவதற்குள் என் உயிர் போகிறது. ஆறாமீன் ஏறிவிட்டதா என்று மாடியில் பார்த்து வந்து சொன்னால் மட்டும் வாயைத் திறக்கிறார். கால் சரியானதும் இன்னொரு படம் எடுக்கப் போகிறாராம். அதற்காகத்தான் சாப்பிடுகிறார், எனக்காக இல்லை.

தொங்கும் படத்தைப் பார்த்தே ஆறு, ஆறு என்று பத்து நாள் சொன்னேன். பதினோராம் நாள், “அதுக்குக் கீழ செவப்பா ஒண்ணு நிக்குமே, அது?” என்றார். படத்தில் அது இல்லை. நான் கரண்டியை அவர் வாய்க்கு நீட்டினேன். இடது கையால் கரண்டியைத் தள்ளிவிட்டார்.

“நெசத்தச் சொல்லு. மேல ஒண்ணுமே இல்லியா?”

யாரிடமும் தலைகுனிந்து பழக்கமில்லை எனக்கு. அன்று குனிந்தேன்.

“வானம் அப்படியேதாங்க இருக்கு. எனக்குத்தான் கண்ணு போச்சு.”

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தார். “அதான பாத்தேன், கெழவி. இரு, கால் சரியாவட்டும். நானே பாத்து ஒனக்குச் சொல்றேன்.” வாயைத் திறந்தார்.

அன்றிலிருந்து என் வீட்டில் நான் குருடி. அரிசியில் கல் பொறுக்குவதையும் அவருக்குத் தெரியாமல்தான் செய்கிறேன். நேற்று அவர் சட்டைப் பொத்தானை மாடியில் ஒளிந்து தைத்தேன். தைத்துவிட்டு, ஜெபம் சொல்லத்தான் மாடிக்குப் போனேன் என்று அவர் நம்பட்டும் என்று ஒரு மங்கள வார்த்தையை உரக்க, நிதானமாகச் சொன்னேன். வைத்திக்குப்பம் வரை கடற்கரையெல்லாம் விளக்கு. ஆறும் இல்லை, சிவப்பும் இல்லை. இத்தனை வெளிச்சத்தை மறைக்க அட்டையை எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை.

கீழேயிருந்து குரல் வந்தது. “மூடிட்டியாடி?”

“மூடிட்டேங்க” என்றேன். ஊசியை முந்தானையில் மறைத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கினேன்.