தண்ணீரைக் கலைக்கும் வேலை

அவள் தன் வேலையைச் சொன்னால் எல்லோரும் முதலில் சிரித்துவிடுவார்கள். தண்ணீரைக் கலைப்பது. ஏரியின் நடுவில் மோட்டார் படகை வளைத்து வளைத்து ஓட்டி, அசையாமல் கிடக்கிற தண்ணீரில் அலை கிளப்பிவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும்.

"சும்மா கிடக்கிற தண்ணிய வம்புக்கு இழுக்க ஒரு ஆளா?" என்று தையல் மிஷினை மிதித்தபடியே கேட்பார் அவள் கணவர்.

"உங்க ஊசி கூடச் சின்னதுதாங்க. அது இல்லாம ஒரு சட்டை தச்சுக் காட்டுங்க, பாப்போம்."

மற்ற நாட்களில் அதே படகில் அக்கரைக்கு ஆள் ஏற்றுவாள். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. சைக்கிள், கோழிக் கூண்டு, புதுக்கட்டில், ஒருமுறை பிரசவ வலியோடு ஒரு பெண் என்று எல்லாமே அதில் போயிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறக்கும் கிளப்பின் வேலை. அங்கே குட்டி விமானத்தில் கரணம் போடுகிறவன் அவளுடைய தம்பி. முப்பத்தெட்டு வயதாகியும் எல்லோருக்கும் அவன் குருவிதான்.

தண்ணீரைக் கலைக்கும் யோசனையே அவனுடையது.

"மேல போய்த் தலைகீழா நிக்கிறதுல பயமில்லக்கா. அங்க தப்புப் பண்ணா திருத்திக்க இடம் இருக்கு. தண்ணிய ஒட்டிப் பறக்கும்போதுதான் வயித்தக் கலக்குது. காத்தே இல்லாம கண்ணாடி மாதிரி கிடந்துச்சுன்னா, தண்ணி எங்க இருக்குன்னே கண்ணுக்குப் பிடிபடாது. நாலு அலை இருந்தாப் போதும்."

"உயரம் காட்ட உள்ள மீட்டர் இருக்குல்லடா?"

"அது மலை உயரத்துக்குச் சரி. ஆள் உயரத்துல அந்த முள்ளு அசையறதுக்குள்ள நான் மீனோட பேசிட்டிருப்பேன்."

அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். மழைக்கோட்டு தைத்து மிஞ்சிய மஞ்சள் துணியில் அவள் கணவர் ஒரு கொடி தைத்துக் கொடுத்தார். அலை கிளப்பி முடித்ததும் அவள் கொடியைத் தூக்கிப் பிடிப்பாள். கொடி தெரிந்தால்தான் அவன் தாழ இறங்குவான். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட இது மாறியதில்லை. ஒருவேளை விமானம் தண்ணீரில் விழுந்தால் என்று ஒரு பயிற்சியும் இருந்தது. பழைய சீட்டு பெல்ட்டைப் படகுப் பலகையில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு கத்தியால் அறுக்கச் சொல்வான். "பாக்காத, திருட்டுக் கழுதை" என்று அவள் மண்டையில் தட்டுவான். அந்தக் கத்தியை அவள் இடுப்புக் கயிற்றில் கட்டி வைத்திருந்தாள். மீன் அறுக்கக்கூட அதை எடுத்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இலைகூட அசையவில்லை. கரையில் வழக்கத்தைவிடக் கூட்டம். நீளமான குழாய் மாட்டிய கேமராவோடு ஒரு படக்காரர் வந்திருந்தார். அவள் மோட்டாரைக் கிளப்பப் போன நேரத்தில் வாக்கிடாக்கியில் கிளப் செயலாளரின் குரல் வந்தது.

"படகுக்காரம்மா, இந்த ஒரு தடவை தண்ணியத் தொடாதீங்க. விமானத்தோட நிழல் அப்படியே தண்ணியில விழணுமாம். படம் பிரமாதமா வரும்ங்கிறார்."

"தொடாம எப்படி சார்? என் தம்பிகிட்டக் கேட்டீங்களா?"

பதிலுக்குத் தம்பியே பேசினான். மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தான், பின்னால் எஞ்சின் இரைச்சல். "ஒரே ஒரு தடவதானேக்கா. கரையில மரம் இருக்கு, அதப் பாத்து உயரத்தக் கணக்குப் பண்ணிக்குவேன். நீ கொடியக் காட்டு."

"காத்து வர்ற வரைக்கும் பொறுத்தா என்னடா?"

"நீ என்னக்கா, மாமா மாதிரி பேசுற! காட்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடியைத் தூக்கினாள்.

விமானம் தூரத்தில் திரும்பி இறங்கியது. அதற்கு நேர் கீழே இன்னொரு விமானம் ஏறி வந்தது. இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கின. அழகாகத்தான் இருந்தது. அவளுக்கே வாய் பிளந்துகொண்டது. இனி நிமிர்த்துவான் என்று பார்த்தாள். நிமிர்த்தவில்லை. யாரோ படியில் இறங்குவதுபோல் நிதானமாக இறங்கிக்கொண்டே இருந்தான். சக்கரம் தண்ணீரைத் தொட்டது. வெள்ளையாக ஒரு சுவர் எழுந்தது. அது விழுந்தபோது விமானம் மல்லாந்து கிடந்தது. வால் மட்டும் மேலே நின்றது.

சத்தம் அதற்குப் பிறகுதான் வந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

மோட்டார் கயிற்றை இழுத்தாள். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தாள். கையில் ஏதோ தடுக்கிறதே என்று பார்த்தால் கொடியை இன்னும் விடவில்லை. அதை எறிந்துவிட்டு மூன்றாவது தடவை இழுத்ததும் மோட்டார் உறுமியது.

வாலருகே போனதும் குதித்தாள். தண்ணீருக்குள் எண்ணெய் கலங்கியிருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. தடவினாள். தலைகீழாகத் தொங்கும் தோள், அதன் குறுக்கே பெல்ட். அறுத்தாள். ஒரு பக்கம்தான் விட்டது. மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி போனாள். இன்னொரு பக்கமும் விட்டது. அவனைப் படகின் விளிம்பில் எப்படிச் சாய்த்தாள் என்று பிறகு பலர் கேட்டார்கள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் இருமியபோது அவள் முகத்திலெல்லாம் தண்ணீர் தெறித்தது, அது மட்டும் நினைவிருந்தது.

முதுகெலும்பில் விரிசல், இடது கையில் தகடு. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் நான்காம் நாள்தான் சொன்னார். அன்றைக்குத்தான் தம்பி சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினான்.

"தண்ணி வரவே இல்லக்கா. இன்னும் ரெண்டு ஆள் உயரம் இருக்குன்னே எறக்கிட்டிருந்தேன்."

"மரத்தப் பாத்துக்குவேன்னியேடா?"

அவன் கூரையைப் பார்த்து யோசித்தான். "பாக்கணும்னுதான் இருந்தேன். கொடி தெரிஞ்சுதா, கை தன்னால எறக்கிடுச்சு. கொடி இருந்தா அலை இருக்கும்ல."

அவன் குறையாகச் சொல்லவில்லை. மாத்திரை கசக்கிறது என்பதைப்போலத்தான் சொன்னான். சொல்லிவிட்டுத் தூங்கியும் போனான். அவள் அவன் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவர் டீ வாங்கி வந்து நீட்டினார். டம்ளருக்குள் டீ ஆடாமல் நின்றது. அவள் விரலை விட்டுக் கலக்கினாள். சுட்டது.

"என்ன பண்ற நீ?" என்று பதறிக் கையைப் பிடித்தார் அவர்.

மறுநாள் செயலாளர் வந்தார். பூவோ பழமோ எதுவும் இல்லாமல் ஒரு பெரிய உறையோடு வந்தார். பார்க்க ஆளே பாதியாகியிருந்தார். "விசாரணைக்கு இது போகுதும்மா. அதுக்கு முன்னாடி நீங்க பாக்கணும்" என்று உறையைக் கொடுத்தார்.

உள்ளே ஒரே ஒரு படம். மேலே ஒரு விமானம், கீழே ஒரு விமானம். இரண்டின் சக்கரங்களுக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இடைவெளி. தண்ணீர் எது, வானம் எது என்று நிலத்தில் நின்று பார்க்கிற அவளுக்கே தெரியவில்லை. வலது மூலையில் மஞ்சளாகத் துளியூண்டு ஏதோ. கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள்.

"நான் எதுக்கு சார் இதுல?" என்றாள்.

"தெரியாம படத்துல விழுந்துட்டீங்க."

"பல்லு தெரியுது சார்." அவள் குரல் அவளுக்கே யாருடையதோபோல் கேட்டது. "அவன் எறங்கிட்டிருக்கான், நான் கொடியப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சிட்டிருக்கேன்."