பில் மெஷினுக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பில் எழுதுவது என் வேலை. கார்பன் தாளால் வலது கையில் மூன்று விரல்கள் எப்போதும் நீலமாகவே இருக்கும். பில் மெஷின் வாங்கும்படி முதலாளியை எட்டு மாதம் நச்சரித்தேன். எட்டுதான், டைரியில் இருக்கிறது. ஒருவழியாக ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் மெஷின் வந்தது. அச்சடித்த தாளைத் தானே நறுக்கித் தரும் கட்டர் அதற்குள் இருந்தது.

முதலாளி ஒரு நிபந்தனை போட்டார்.

"பூஜை முடிஞ்சதும் மொத பில்லு ஆண்டாள் பேருக்கு. கிழியாம முழுசா வரணும். வரலேன்னா சகுனம் சரியில்ல, மெஷினை மதுரைக்கே திருப்பி அனுப்பிருவேன். நீரு பழையபடி கார்பனைக் கட்டிக்கிட்டு அழும்."

பூஜையன்று காலையில் மெஷினைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தது நான்தான். எதையும் கோணலாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. மூடியின் மேல் ஸ்கேலை வைத்து அளந்து, மிகச் சரியாக நடுவில், நல்ல பெரிய பொட்டாக வைத்தேன்.

மாலையில் தீபாராதனை முடிந்தது. சுவிட்சைப் போட்டேன். எழுத்தெல்லாம் அழகாக விழுந்தது. பிறகு 'கிர்ர்' என்றொரு சத்தம். கட்டர் பாதி வழியில் நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு கண்ணடித்தது.

"என்னவே, ஆண்டாளுக்கே பில்லு தரமாட்டேங்குது?" என்றார் முதலாளி.

தாளை இழுத்தால் கிழிந்துவிடும். மூடியைக் கழற்றலாம் என்றால், கடையின் ஒரே ஸ்குரூடிரைவர் கத்தரிக்கோலோடும் தராசோடும் வாழையிலையில் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தது. முதல் பில்லுக்காக மெஷினுக்கு மட்டும்தான் விலக்கு; மற்ற எதையும் மறுநாள் காலை பூஜைவரை தொடக் கூடாது. தெருவில் பாதிக் கடைகளில் இதே நிலைமை.

பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பாயிடம் ஓடினேன்.

"பாய், செத்த வாங்க. ஸ்குரூடிரைவரோட."

"ஏன், ஒங்களுது எங்க?"

"சாமி கும்பிடுது."

"என்னுது சும்மாத்தான் இருக்கு, வாரேன்" என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

மெஷினின் சுவிட்சை அணைத்து, மூடியைக் கழற்றி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தார். முதலாளி அவர் முதுகுக்கு மேலே குனிந்தார்.

"வெட்டு விழல அண்ணாச்சி. தாளு முழுசாத்தான் இருக்கு. பிளேடுதான் ஒட்டிக்கிட்டு நிக்குது."

ஸ்குரூடிரைவர் முனையால் சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றினார். பிளேடு மெல்லப் பின்வாங்கியது. அதன் விளிம்பில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. மூடியின் மிகச் சரியான நடுவில்தான் தாள் வெளிவரும் பிளவு இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாய் மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். லென்ஸைக் கழற்றாமலே மூடியின் நடுவில் இருந்த பொட்டையும் என்னையும் பார்த்தார். பெட்ரோல் தொட்ட பிரஷால் துடைத்து, காற்று ஊதி, மூடியைப் பூட்டினார்.

சுவிட்சைப் போட்டு, வெட்டும் பொத்தானை அழுத்தினேன். 'டக்.' பில் முழுசாக என் கையில் விழுந்தது. ஓரத்தில் மட்டும் மெல்லிய மஞ்சள் கோடு.

முதலாளி அதை வாங்கி முகர்ந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சந்தன வாசம் பாத்தீரா! தாயாரு தொட்டுல்ல அனுப்பியிருக்கா!"

"ஆமா அண்ணாச்சி, அளந்து தொட்டிருக்காங்க" என்றார் பாய்.

அந்தப் பில்லை முதலாளி கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். கோளாறின் காரணம் டைரியில் மட்டும் இருக்கிறது. அடுத்த ஆயுத பூஜைக்கு மெஷினின் பின்பக்கம், வயருக்குப் பக்கத்தில், கொஞ்சம் கோணலாகவே பொட்டு வைத்தேன்.