சீக்கியர் கோயில் வாசலில்

சீக்கியர் கோயிலுக்குப் போகிற யோசனை என்னுடையதல்ல. முழுக்க முழுக்க உடுப்பிட்டியானுடையது. அவன் கோப்பாயில் மாமி வீட்டில் தங்கிப் படித்தவன். படிப்பு நின்றுபோன பிறகு அவனுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்தது.

எங்கள் மூவரில் மற்றவன் கோப்பாயான். அவனுடைய அண்ணையைச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அமைதி காக்க வந்த இந்திய ஆமி அப்போது ஆண்களை வரிசையில் நிறுத்தி, சேட்டைக் கழற்றச் சொல்லி, தோளைத் தடவிப் பார்க்கும். காய்ப்பு இருந்தால் அது துவக்குப் பிடித்த தழும்பு என்று முடிவு. அண்ணையின் காய்ப்பு தோட்டத்தில் வந்தது. தண்ணீர் இறைப்பு மெசினைக் கிணற்றடியில் விட்டால் களவு போய்விடும் என்று, தடியில் கட்டி, முன்னுக்கு அண்ணையும் பின்னுக்குத் தம்பியுமாக நெடுகத் தோளில் காவித் திரிந்தவர்கள் அவர்கள். ஊருக்கே இது தெரியும். தெரியவேண்டியவனிடம் போய்ச் சொல்லத்தான் வழியில்லை. அவர்களின் தாய் ஒவ்வொரு நாளும் முகாம் வாசலில் வெயிலில் காய்ந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"முகாமிலை இருக்கிறது சீக்கிய ஆமி. ஞாயிற்றுக்கிழமை உள்ளுக்கை அவங்கடை கோயில் திறந்திருக்கும்," என்றான் உடுப்பிட்டியான். "பெரியவன் சின்னவன் எல்லாரும் நிலத்திலை ஒண்டா இருந்துதான் சாப்பிடுறவங்களாம். வாறவையை ஆரும் கலைக்கமாட்டாங்களாம். முகாம் பெரியவனுக்குப் பக்கத்திலை இருந்து கதைக்கலாம். செலவும் இல்லை, சாப்பாடும் சும்மா."

"சோதிக்க வந்து எங்கடை வீட்டு அரிசியை முத்தத்திலை கொட்டினவன் தாற சோறு உனக்குச் சும்மாவோ?" என்றேன்.

"சோறில்லையடா, ரொட்டி."

அவனை அன்றைக்கே இரண்டு அறைந்திருக்க வேண்டும். ஆனால் கோப்பாயான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஓம், போவம் என்றேன்.

மூன்று பேருக்கு இரண்டு சயிக்கிள். கையில் அரை இறாத்தல் பாணும் ஒரு போத்தல் தண்ணீரும். ஆமியின் காவல் சென்றிகளுக்குப் பயந்து ஒழுங்கைகளுக்குள்ளால் சுற்றிப் போனோம். கோப்பாயான் என் சயிக்கிளின் முன்பாரில் இருந்தான். முழுகி, திருநீறு பூசி, இருந்ததில் நல்ல வெள்ளைச் சேட்டைப் போட்டிருந்தான். வழியெல்லாம் ஆங்கிலத்தில் ஒரே வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்தான். என் அண்ணன் கமக்காரன், ஐயா. என் அண்ணன் கமக்காரன், ஐயா. அவனுடைய நம்பிக்கை எனக்கு எரிச்சலாக இருந்தது.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. பிள்ளைகளைக் கலைத்துவிட்டு மண்டபத்தைக் கோயிலாக்கியிருந்தார்கள். துணி சுற்றிய உயரமான கம்பத்தில் காவிக்கொடி. கோயில் பார்க்க வந்தோம் என்று உடுப்பிட்டியான் ஆங்கிலத்தில் சொன்னதும் படலையில் நின்ற சீக்கியனின் முகம் இளகியது. மேலோட்டமாகத் தடவிவிட்டு உள்ளே விட்டான். மண்டபத்துக்குள் பாட்டு நடந்தது. நல்ல பாட்டு. இவர்களுக்கு இப்படிப் பாடவும் தெரிகிறதே என்று ஆத்திரம்தான் கூடியது.

செருப்பைக் கழற்றினோம், கால் கழுவினோம். எங்கள் ஊரில் கோயில் வாசலுக்கு வந்த ஆம்பிளை சேட்டோடு உள்ளே போவதில்லை. அதை யாரும் நினைத்துச் செய்வதுமில்லை, கை தானாகச் செய்யும். கோப்பாயானின் கை செய்தது. சேட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பியபடி படியில் ஏறினான். எனக்கும் பாதிப் பொத்தான் கழன்றிருந்தது. உடுப்பிட்டியானும் அப்படித்தான். எந்தத் தோளுக்காக அண்ணையைப் பிடித்தார்களோ அந்தத் தோளின் ஞாபகம் எங்கள் மூவரில் ஒருவனுக்கும் வரவில்லை.

காவலுக்கு நின்றவன் கத்தினான். தமிழ்நாட்டுக்காரச் சிப்பாய் ஒருவன் ஓடி வந்தான்.

"யாருய்யா சட்டையைக் கழட்டச் சொன்னது? இங்க தலையைத்தான் மூடணும்," என்று சிரித்தவன், அப்படியே நின்றான். பெருவிரலால் கோப்பாயானின் தோளை அழுத்தினான். "இது என்ன?"

"தண்ணி இறைக்கிற மெசின் காவினது, ஐயா. அண்ணைக்கும் உப்பிடித்தான் இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தனாங்கள்."

"அண்ணனுக்கும் இருக்கா? அப்ப குடும்பத்தோடயா?"

தமிழ் தெரியாத காவல்காரன் சொல்லியிருந்தால் இவ்வளவு நொந்திருக்காது. எங்கள் பேச்சை விளங்கிக்கொண்டவன் சொன்னான். பிறகு அதையே இந்தியிலும் சொன்னான். இரண்டு பேர் கோப்பாயானின் கையைப் பிடித்தார்கள். "சேட்டைப் போட விடுங்கோ," என்று மட்டும் அவன் கேட்டான். விடவில்லை. வகுப்பறைகளின் பக்கமாகக் கொண்டு போனார்கள்.

நான் தூஷணத்தில் ஏசினேன். உடுப்பிட்டியான் என் வாயைப் பொத்தினான். அந்த நேரம் வெள்ளைத் தாடிக்காரப் பூசகர் ஒருவர் வந்து, எங்கள் தலையில் ஆளுக்கொரு துணியைக் கட்டி, கையைப் பிடித்துச் சாப்பாட்டு வரிசையில் இருத்தினார். உடுப்பிட்டியான் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பெரியவன் எனக்குப் பக்கத்தில்தான் சம்மணம் கட்டி இருந்தான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெசின், தடி, தோட்டம் எல்லாம் சொன்னேன். ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டான். விசாரிப்போம், முதலில் சாப்பிடு என்றான். ஒரே நிலத்தில்தான் இருந்தோம். எழும்பினதும் அவன் பெரியவன், நான் பிடிபடாமல் மிஞ்சியவன்.

நான் ஒரு வாயும் வைக்கவில்லை. பூசகர் அதைக் கவனித்திருக்க வேண்டும். படலை வரைக்கும் வந்து, ரொட்டிகளைத் துணியில் சுற்றி என் கையில் திணித்து ஏதோ சொன்னார்.

"யாரும் பசியோட போகக் கூடாதாம்," என்றான் தமிழ்நாட்டான். "உள்ள இருக்கிறவங்களுக்கும் இதுதான் போகுது."

போகும்போது கனத்த சயிக்கிள் வரும்போது இலேசாக ஓடியது. அந்த இலேசைத் தாங்க முடியவில்லை. ரொட்டியை மதகுக்குள் எறியப் போனேன். உடுப்பிட்டியான் பறித்தான். "சாப்பாட்டை எறியாதை," என்றான். பிறகு வீடு வரைக்கும் அழுதுகொண்டே மிதித்தான். எனக்கு அவனிலும் இரக்கம் வரவில்லை.

கோப்பாயானின் தாய் படலையில் நின்றார். போன மூவரில் இருவர் வருவதைக் கண்டும் குழறி அழவில்லை. சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"என்ரை பிள்ளையள் ரெண்டும் சாப்பிட்டாங்களோ?"

"உள்ளுக்கை இருக்கிறவைக்கும் உதுதான் குடுக்கிறாங்களாம்," என்று உடுப்பிட்டியான் துணியை நீட்டினான்.

அதை வேலிக்கு வெளியே வீசுவார் என்று நினைத்தேன். வீச வேண்டும் என்று மனத்துக்குள் கெஞ்சினேன். அவர் கை கழுவிவிட்டு வந்து, குசினி வாசலில் இருந்து, காய்ந்த ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தார். நெடுநேரம் மென்றார்.

"உப்புக் காணாது," என்றார். "சின்னவன் ஒண்டும் சொல்லான். பெரியவன் உப்பில்லாட்டி வாயிலை வைக்க மாட்டான்."