பேனாவை மூடிவைத்த மெர்சி

நான் திரேஸ்புரத்தில் ஆசிரியை. எங்கள் ஊரில் புதுத் துறைமுகம் திறந்த வருஷம் என் சேமிப்பில், ஒரு ஏஜெண்ட் மூலம் யூனிட் முதலீட்டுப் பத்திரங்கள் வாங்கினேன். சென்ற மாதம் அந்த ஏஜெண்ட், “பழச வித்துட்டுப் புதுசு வாங்குங்க டீச்சர், அதான் லாபம்” என்றார். நம்பி, கையெழுத்துப் போட அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. படிவம் நிரப்பும் அவர் மனைவி மெர்சி, பேனாவை என்னிடம் தராமல் மூடிவைத்தாள்.

“வேண்டாம் டீச்சர். விக்கும்போது விலை கம்மி, வாங்கும்போது விலை கூடுதல். நட்டம் உங்களுக்கு, புதுக் கமிஷன் எங்களுக்கு.”

“வீட்டுக்காரர் கோபிக்க மாட்டாரா?”

“கோவப்படுவாக. நான் பேசிக்கிடுதேன்.”

தன் வீட்டு வரும்படியையே தடுத்து என்னைக் காத்தாளே, அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்!

இப்போது யார் எதை வாங்கச் சொன்னாலும், “இதில் உங்களுக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்கிறேன். பதில் சொல்லத் தயங்கினால் கையெழுத்துப் போடுவதில்லை.