சிறையில் விட்ட கப்பல்காரன்

“ஏ ஆத்தா, இம்புட்டுத் தண்டிப் புத்தகத்த நீ வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள இந்தத் தோட்டமே இருக்காது” என்றார் சரசு அத்தை அன்றொருநாள், சுருளிப்பட்டித் திராட்சைக் கொட்டகையில்.

இன்று வேலை முடிந்து, கால் கடுக்கப் பழனிசெட்டிபட்டியில் பேருந்துக்கு நிற்கையில், தள்ளுவண்டியிலிருந்து கனிந்த பன்னீர் திராட்சை வாசத்தோடு அந்தப் பழைய குரலும் நினைவில் வந்தது.

அப்போதெல்லாம் கொட்டகைத் தகரக்கூரையின் வெக்கைக்கும், கொத்துகளில் அழுகலை நறுக்கும் கத்தரிகளின் சத்தத்துக்கும் நடுவே, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் என்ற மிடுக்கோடு, நூலகத்தில் எடுத்த பிரெஞ்சு சாகச நாவலின் தமிழாக்கத்தை அம்மாவுக்கும் மற்றப் பெண்களுக்கும் உரக்க வாசிப்பேன். வாயில் நுழையாத பெயர்களை அவர்கள் மாற்றிக்கொண்டார்கள்: நாயகன் கப்பல்காரன், அவனைக் காட்டிக்கொடுத்தவன் புரோக்கர். “அந்தப் புரோக்கர் வெளங்குவானா?” என்று அத்தை திட்டினால், எடைபோட வந்திருக்கும் திராட்சைப் புரோக்கர் திடுக்கிட்டுத் திரும்புவார், கத்தரிகள் இன்னும் வேகமாக ஓடும்.

கப்பல்காரன் சிறையில் கிடக்கும்போதே தோட்டம் வீட்டுமனைகளாகிவிட்டது. பெண்கள் ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள்; புத்தகம் நூலகத்துக்குப் போனது. தனியாக வாசிக்க எனக்கும் மனம் வரவில்லை. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. திருப்பூரில் மகள் வீட்டிலிருந்து பேசும்போதெல்லாம், “அவன வெளிய விட்டாகளா, இல்லையா?” என்றுதான் கேட்பார்.

இன்று அலுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும், வாங்கி வைத்துப் பிரிக்காமலே கிடந்த என் சொந்தப் பிரதியை எடுத்து, சிறையில் விட்ட பக்கத்திலிருந்து உரக்க வாசித்துக் கைப்பேசியில் பதிந்து, முதல் ஒலிப்பதிவை அத்தைக்கு அனுப்பிவிட்டேன்.