சந்தனம் வைத்த பதினொரு வண்டிகள்

சகாயராஜ் அண்ணனைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய வலது கையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நூறு பேர் நிற்கும் பஸ் ஸ்டாண்டில் யாருக்கும் நினைவில் நிற்காத முகம்.

அவிநாசிபாளையத்தில் தாராபுரம் ரோட்டின் மேல் எங்கள் மின்சார ஸ்கூட்டர் கடை. முதலாளி பெயர் தங்கதுரை. வாடிக்கையாளரிடம் பேசுவதும் சர்வீஸ் அட்டை எழுதுவதும் தேவிப்பிரியாவாகிய என் வேலை. பெட்டியில் வரும் வண்டியைப் பிரித்து, சக்கரமும் ஹேண்டில்பாரும் பூட்டி, பேட்டரி வைத்து ஓட விடுவது சகாயராஜ் அண்ணன் வேலை. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். பத்தொன்பது வருடம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் மெக்கானிக்காக இருந்துவிட்டு எங்களிடம் வந்தார்.

மனுஷன் செய்கிற வேலையைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும். பேட்டரியைத் தொடுவதற்கு முன்னால் கல்யாண மோதிரத்தையும் கழுத்தில் கிடக்கும் சிலுவைச் சங்கிலியையும் கழற்றி ஒரு டப்பாவில் போட வேண்டும். வண்டியின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, இறக்கியாயிற்றா என்று இரண்டாம் தடவை பார்க்க வேண்டும். ஒவ்வொரு நட்டையும் அளவுக் கருவி வைத்து முறுக்க வேண்டும். எல்லாம் முடிந்து சார்ஜ் போட்டபின், ஒரு மணி நேரம் கழித்து வந்து பேட்டரியின் மேல் கையை வைப்பார். முதலில் புறங்கை, பிறகு உள்ளங்கை. காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலவே இருக்கும்.

“அதுக்குத்தான் மீட்டர் இருக்குதல்லோ, அப்பறம் கை எதுக்குங்ண்ணா?” என்று கேட்டால் சிரிப்பார்.

“மீட்டரு நம்பரைச் சொல்லும் தங்கச்சி. கை சங்கதியைச் சொல்லும் பாத்துக்க.”

அவர் கை வைக்காத வண்டி கடையை விட்டுப் போனதில்லை. அதாவது, அந்த ஆயுத பூஜை வரைக்கும்.

பூஜையன்று காலையில் பதினொரு வண்டிகள் டெலிவரிக்கு நின்றன. முந்தின நாளே எல்லாவற்றையும் சார்ஜ் போட்டு, கை வைத்துப் பார்த்து முடித்திருந்தார். நல்ல நேரம் முடிவதற்குள் பொட்டு வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தில் ஏற்றி அனுப்ப வேண்டும். பொட்டு வைக்கிற முதலாளி வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லை. தட்டு என் கைக்கு வந்தது. என் காதிலோ ஃபோன், வாசலிலோ பதினொரு குடும்பம். எரிச்சலில் தட்டை அண்ணன் கையில் திணித்தேன்.

அவர் தயங்கினார். கம்பெனியில் இருந்த காலத்திலும் மெஷினைத் துடைத்துக் கொடுப்பதோடு ஒதுங்கிக்கொள்வாராம். பொட்டு வைப்பது மற்றவர்கள் பாடு.

“எங்கன வைக்கணும் தங்கச்சி? தப்பா வச்சிரக் கூடாதுல்ல?”

“அட, உசுரு எங்க இருக்குதோ அங்க வெச்சுப்போடுங்ண்ணா!” என்று சொல்லிவிட்டு ஃபோனுக்குத் திரும்பிவிட்டேன்.

இந்த வாக்கியத்தைச் சொன்னவள் நான்தான். இதை நான் எங்கேயும் மறைத்ததில்லை.

அவர் ஒவ்வொரு வண்டியாகப் போய் சீட்டைத் தூக்கினார். பேட்டரியில் சார்ஜர் செருகுகிற சாக்கெட்டின் மூடியைத் திறந்தார். ஊரே எல்லாவற்றையும் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியால் ஒரு துடை துடைத்தார். பன்னீரில் குழைத்த சந்தனத்தை சாக்கெட்டின் வாயிலேயே அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, மூடியைச் சாத்தினார். நெற்றியில் வைப்பது போல அவ்வளவு மரியாதையாக வைத்தாராம். ஈரச் சந்தனம் உள்ளே வழிந்து பின்களில் படியும், துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு அதில் ஒட்டும், காய்ந்தபின் சார்ஜர் சரியாகக் கவ்வாமல் அந்த இடம் கொதிக்கும். இதெல்லாம் வேறு நாளாக இருந்தால் அவரே நமக்குப் பாடம் எடுத்திருப்பார். அன்றைக்கு அவர் கும்பிடுகிற மனநிலையில் இருந்தார். பொட்டு வைத்தபின் கை வைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து சேவூரிலிருந்து முதல் வண்டி வந்தது. சாக்கெட் கறுத்து உருகியிருந்தது. அண்ணன் குனிந்து மோந்து பார்த்தார். எனக்கும் அடித்தது அந்த வாசனை. தீய்ந்த பிளாஸ்டிக்குக்கு நடுவில் கருகின சந்தனம். சுடுகாட்டுப் பக்கம் போகும்போது அடிக்குமே, அது.

அவர் முகம் செத்துப்போய்விட்டது. “பதினோரு எடத்துல நெருப்ப வச்சு அனுப்பியிருக்கேன் எம்மா” என்றார்.

அன்றைக்கே எல்லோருக்கும் ஃபோன் போட்டேன். சார்ஜ் போடாதீர்கள், பேட்டரியை வீட்டுக்குள் வைக்காதீர்கள், வண்டியைத் தள்ளிக்கொண்டு வாருங்கள் என்று தொண்டை வற்றக் கத்தினேன். நான்கு நாளில், சேவூர் வண்டியோடு சேர்த்து, பத்து வண்டிகள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் அதே கறுப்பு. எல்லாவற்றுக்கும் புது சாக்கெட் போட்டார்.

பதினோராவது வண்டி வரவில்லை. வாங்கியவர் பெயர் அழகுமலை, விருதுநகர்ப் பக்கத்துக்காரர், பனியன் துணியைச் சுருக்கம் எடுத்துத் தருகிற ஒரு காம்பாக்டிங் பட்டறையில் வேலை. அவர் ஃபோன் அணைந்து கிடந்தது. அட்டையிலிருந்த விலாசத்துக்குப் போனால், வீட்டைக் காலி செய்து பத்து நாள் ஆயிற்று என்றார்கள்.

அதற்கு மறுநாள்தான் கை சூடாக ஆரம்பித்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு அண்ணன் ஸ்பேனரைக் கீழே போட்டார். உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். ஏதாவது ஷாக் அடித்துவிட்டதோ என்று ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் விட்டுவிட்டேன். தேய்ப்புப் பெட்டியைத் தொட்டது போல இருந்தது. இடது கை சாதாரணமாக இருந்தது, நெற்றி சாதாரணமாக இருந்தது. நாலரை மணிக்கு அந்தச் சூடு தானாகவே வடிந்தது. அடுத்த நாளும் இரண்டு மணி. அதற்கடுத்த நாளும்.

டாக்டர் நரம்பு என்று சொல்லி மாத்திரை எழுதினார். நான் பயம் என்று நினைத்தேன். அண்ணன் ஒன்றும் நினைக்கவில்லை.

“அது சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கு தங்கச்சி. யாரோ ரெண்டு மணிக்குப் போட்டு நாலரைக்கு எடுக்காவ” என்றார்.

இந்த மாதிரிப் பேச்சை நான் நம்புகிறவள் அல்ல. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தவளும் நான்தான். முந்தின நாளைவிட அடுத்த நாள் கூடுதலாகவே சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தகவல் கிடைத்தது. அழகுமலையின் மனைவி குண்டடம் பக்கம் ஒரு நூல் மில்லில் நைட் ஷிஃப்ட் சேர்ந்திருக்கிறாள், மில்லுக்குப் பின்னால் லைன் வீட்டில் இருக்கிறார்கள் என்று பழைய வீட்டு அக்கம்பக்கத்தில் ஒருத்தி சொன்னாள். நான் ஓட்ட, அண்ணன் பின்னால் உட்கார்ந்து வந்தார். லீவு நாள் மத்தியானம். ரோட்டில் லாரி இல்லை, கம்பெனி வேன் இல்லை. ஒருநாளும் ஓயாத சத்தத்துக்குப் பழகிய காதுக்கு அந்த அமைதி நன்றாக இல்லை. அண்ணன் வலது கையைக் காற்றில் நீட்டிக்கொண்டே வந்தார். மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

லைன் வீட்டில் ஒரே மாதிரிப் பன்னிரண்டு தகரக் கதவுகள். கூப்பிட்டுப் பார்த்தோம், ஒரு குரலும் இல்லை. பாதிப் பேர் சந்தைக்குப் போயிருப்பார்கள், மீதிப் பேர் ராத்திரி வேலை பார்த்துவிட்டு அடித்துப்போட்டாற்போலத் தூங்குவார்கள். கோடியில் ஒரு வேப்பமரத்தடியில் எங்கள் வண்டி நின்றது. முன்னால் கட்டிய மாலை சருகாகி இன்னும் தொங்கியது. சீட்டைத் தூக்கினேன், பேட்டரி இல்லை. யாரோ கழற்றி உள்ளே எடுத்துப் போயிருக்கிறார்கள். எந்த வீடு?

அண்ணன் முதல் கதவிலிருந்து தொடங்கினார். தட்டவில்லை. புறங்கை, பிறகு உள்ளங்கை. அடுத்த கதவு. அடுத்தது. நான் ஒவ்வொரு கதவாகத் தட்டியபடி பின்னாலேயே போனேன். ஏழாவது கதவில் புறங்கை பட்டதும் “ஏசுவே!” என்று கையை இழுத்துக்கொண்டார். நான் அந்தத் தகரத்தைத் தொட்டேன். நிழலில் இருந்த கதவு, சில்லென்றுதான் இருந்தது.

“உள்ள ஆளு இருக்கு. நீ போயி மீட்டர்ப் பெட்டியில மெயினை எறக்கு. ஓடு!”

நான் ஓடிப்போய் இறக்கினேன். அவர் தோளால் மோதினார். மூன்றாவது மோதலில் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

ஜன்னல் சாத்திய ஒற்றை அறை. அவ்வளவு புழுக்கத்திலும் என் மூக்கில் முதலில் ஏறியது கருகின சந்தன வாசனைதான். ஒரு பெண் பாயில் சுவரோரம் ஒண்டிப் படுத்திருந்தாள். பாயின் தலைமாட்டில் பேட்டரி. தூசி படக் கூடாதென்று அதன்மேல் பனியன் துணியை நான்கு மடிப்பாகப் போர்த்தியிருந்தார்கள். சாக்கெட்டிலிருந்து துணி பழுப்பாகி, அந்தப் பழுப்பு தலையணை வரைக்கும் வந்திருந்தது. தலையணையின் ஒரு மூலை கரிந்து புகைந்துகொண்டிருந்தது.

நான் அவளை அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்தேன். அண்ணன் சாக்கு ஒன்றைச் சுற்றி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வெட்ட வெளிக்கு ஓடினார். வைத்துவிட்டுத் திரும்பி இருபது அடி வந்திருப்பார், அது சீறியது. வெள்ளைப் புகை, அப்புறம் தீ. யாரையும் கிட்டே விடாமல் நின்றோம். அது எரிந்து அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அவள் பெயர் சீனியம்மாள். கணவன் ஊருக்குச் சாவுக்குப் போயிருந்தான். ராத்திரி வேலை முடிந்து வந்து, சமைத்துத் துவைத்துவிட்டு, வழக்கம்போல இரண்டு மணிக்கு சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க எப்பண்ணே உள்ள வந்தீக?” என்றாள்.

“இப்பத்தானம்மா, கதவ ஒடச்சுக்கிட்டு.”

“இல்லண்ணே. அதுக்கு முந்தியே யாரோ நெத்தியில கை வச்சாக. மொதப் புறங்கைய வச்சாக, பெறகு உள்ளங்கை. கண்ணத் தொறக்க மாட்டேங்குது. ஒரே சூடு. தாங்காமத்தான் நான் தலையணைய விட்டுச் சொவத்துப் பக்கமாப் பொரண்டுட்டேன்.”

அண்ணன் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்தார். அவருடைய வலது கையை நான் தொட்டேன். ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்தது போல இருந்தது.

அது திரும்பவும் சூடாகவே இல்லை. கொதிக்கிற டீ கிளாஸை அந்தக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார், சுடுவது தெரியாது. முதலாளி வெப்பம் பார்க்கிற கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறார். சகாயராஜ் அண்ணன் அதில் நம்பரைப் பார்த்துவிட்டு, எப்போதும் போல என்னைக் கூப்பிடுவார். “தங்கச்சி, ஒரு கை வச்சுப் பாரு.” முணுமுணுக்காமல் போய் வைப்பேன்.

போன ஆயுத பூஜைக்குத் தட்டை யாரிடமும் கொடுக்கவில்லை. வண்டிகளுக்கெல்லாம் முன் மட்கார்டில் நானே பொட்டு வைத்தேன். சாக்கெட் பக்கம் ஈரக் கையே போகவில்லை. தட்டில் கொஞ்சம் சந்தனம் மிச்சம் இருந்தது. அண்ணன் கூப்பிடுமுன் நானே போய் அவருடைய வலது கையை இழுத்து விரித்து, உள்ளங்கை நடுவில் வைத்தேன்.

“இங்க எதுக்கு தங்கச்சி?” என்றார்.

அழுதுவிட்டேன். உயிர் எங்கே இருக்கிறதோ அங்கே வைக்கச் சொன்னவள் நான்தானே.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சந்தனம் ஓரத்திலிருந்து வெளுத்து, வெடித்து, பொடியாக உதிர்ந்தது. லேசாகக் கருகின வாசனை வந்தது. கையை மறுபடி தொட்டுப் பார்த்தேன். அது சில்லென்றுதான் இருந்தது.